அம்மா கீமோவ விட்டுட்டு கடல்பாசி கேப்ஸ்யூல் சாப்பிடலாமா?

கேள்வி: வணக்கம் மேடம், நான் மலேசியால, பினாங்கு தீவுக்கு எதிர்க்கரைல பிறையில இருக்கேன். அம்மாவுக்கு 61 வயசு, பெருங்குடல்ல கேன்சர், ஸ்டேஜ் 3ன்னு சொல்லி ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. இப்ப கீமோ போகுது, மூனு வாரத்துக்கு ஒருக்கா ஊசி, வீட்ல மாத்திரை, ரெண்டு சைக்கிள் ஆச்சு. போன வாரம் ஃப்ரிட்ஜ்ல இருந்து கடல்பாசி கிண்ணத்த எடுத்தவங்க ஷாக் அடிக்குதுன்னு கீழ போட்டுட்டாங்க. அன்னைல இருந்து கீமோவே வேணாம்ங்குறாங்க. எங்க அத்தை ஒரு ஏஜண்டுகிட்ட ஃபுகோய்டான் கேப்ஸ்யூல் வாங்கிட்டு வந்திருக்காங்க, மாசம் 680 வெள்ளி (ரிங்கிட்). கடல்பாசில இருந்து எடுத்தது, ஜப்பான் ஆராய்ச்சி, கேன்சர் செல்ல தானா சாக வைக்கும், இத சாப்பிட்டா கீமோ தேவையே இல்லன்னு ஏஜண்டு சொன்னாராம். அம்மா ரெண்டு வருஷம் முன்னாடி இதயத்துல ஸ்டென்ட் வச்சவங்க, குளோபிடோகிரெல் சாப்பிடுறாங்க. என்ன பண்றதுன்னு தெரியல.

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். மொதல்ல அவசரமானத சொல்லிடுறேன். அடுத்த சைக்கிள் தேதி வரைக்கும் காத்திருக்காம நாளைக்கே கீமோ டேகேருக்கு போன் போட்டு அம்மாவுக்கு கை ஷாக் அடிக்குதுன்னு சொல்லுங்க. அந்த பாட்டில தொறக்காதீங்க, தொறந்திருந்தா நிறுத்தி வைங்க. கீமோவ மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க.

நான் டாக்டர் இல்ல, பார்மசிஸ்ட். பினாங்குல கேன்சர் நோயாளிங்களுக்கு கீமோ மருந்து கலக்குற ரூம்ல பதினாறு வருஷமா வேல செய்றேன், அம்மாவுக்கு போற அதே ஊசி மருந்த வாரத்துக்கு எத்தன பை கலக்குறேன்னு எண்ணினதே இல்ல. அதே மாதிரி பாட்டிலோட வர்ற குடும்பங்களையும் வாரா வாரம் பாக்குறேன், அதனால உங்க அத்தை மேல எனக்கு ஒரு கோவமும் வரல. அவங்க கைல இருந்தத செஞ்சிருக்காங்க.

அந்த கிண்ணம் விழுந்தத மொதல்ல பேசிடலாம், ஏன்னா அம்மா கீமோ வேணாம்னு சொல்றதுக்கு அதுதான காரணம். நீங்க சொல்ற ஊசி அனேகமா ஆக்ஸாலிப்ளாட்டின், மாத்திரை கேப்சிடபின், ரெண்டும் சேர்ந்தா கேப்பாக்ஸ்ன்னு சொல்லுவோம். ஆக்ஸாலிப்ளாட்டின் போட்ட முதல் சில நாளைக்கு விரல் நுனி, உதடு, தொண்ட எல்லாம் குளிர்ச்சி பட்டா கரண்ட் அடிச்ச மாதிரி சுருக்குன்னு இருக்கும், ஐஸ் தண்ணி குடிச்சா சில பேருக்கு தொண்ட அடைச்சு மூச்சே வரலன்னு தோணும், நிஜத்துல மூச்சுக்குழா அடைக்கல, நரம்பு அப்படி உணருது, ஆனா அந்த நேரத்துல வர்ற பயம் இருக்கே, அத பட்டவங்களுக்குத்தான் தெரியும். இது கேன்சர் பரவுறதால வர்றதில்ல, மருந்துக்கு நரம்பு காட்டுற எதிர்வினை, பெரும்பாலும் சில நாள்ல குறைஞ்சிரும். இத ஊசி போடுறதுக்கு முன்னாடியே உங்களுக்கு யாராவது உக்காந்து விளக்கியிருக்கணும், விளக்கலன்னா அது எங்க பக்கத்து குறை, அதுக்கு நான் வருத்தப்படுறேன்.

இதுக்கு வழி இருக்கு. ஊசி போட்ட முதல் வாரம் ஃப்ரிட்ஜ அம்மா தொடவே வேணாம், நீங்க எடுத்து குடுங்க, இல்லன்னா பக்கத்துலயே ஒரு துணி கிளவுஸ் தொங்க விடுங்க. ஐஸ் மைலோ, தெஹ் ஓ ஐஸ் எல்லாம் கொஞ்ச நாளைக்கு மறந்துரணும். குளிக்க வெதுவெதுப்பான தண்ணி. கார்ல ஏர்கான் நேரா மூஞ்சில அடிக்காம திருப்பி விடுங்க. இதுக்கு மேலயும் ஒன்னு கவனிக்கணும்: அடுத்த ஊசி தேதி வந்தும் மரமரப்பு போகாம அப்படியே இருந்தா, சட்டை பட்டன் போட முடியல, மாங்கு (கிண்ணம்) கைய விட்டு நழுவுதுன்னா, அத கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லணும். அவர் ஊசி அளவ குறைக்கலாம், ஆக்ஸாலிப்ளாட்டின மட்டும் நிறுத்திட்டு மாத்திரைய தொடரலாம். டாக்டர் திட்டுவாருன்னு சொல்லாம தாங்கிக்கிட்டு கடைசில மொத்தமா ஓடிப்போறவங்கதான் நிறைய. சொன்னா மாத்தித் தருவாங்க தங்கச்சி, நம்புங்க.

இன்னொன்னும் கேளுங்க. எத்தன சைக்கிள்ன்னு. ஸ்டேஜ் 3 குடல் கேன்சருக்கு முன்னெல்லாம் எல்லாருக்கும் ஆறு மாசம்தான், இந்த நரம்பு பாதிப்ப குறைக்க முடியுமான்னு பாக்க ஆறு பெரிய ஆய்வ ஒன்னா சேர்த்து 12,834 பேர வச்சு 2018ல முடிவு போட்டாங்க, அதுல என்ன தெரிஞ்சுதுன்னா ரிஸ்க் குறைஞ்ச ஸ்டேஜ் 3 ஆளுங்களுக்கு கேப்பாக்ஸ் மூனு மாசம், அதாவது நாலு சைக்கிள், ஆறு மாசத்துக்கு கிட்டத்தட்ட சமமா வேல செய்யுது. அம்மா அந்த ரிஸ்க் குறைஞ்ச வகையான்னு ஆபரேஷன் ரிப்போர்ட்ட பாத்து டாக்டர்தான் சொல்லணும். அப்படி இருந்தா அம்மா பாதி தூரம் ஏற்கனவே வந்துட்டாங்க. இத அம்மாகிட்ட சொல்லி பாருங்க, முகம் மாறும்.

சரி, இப்ப பாட்டிலுக்கு வருவோம்.

கடல்பாசின்னு நம்ம ஒரே வார்த்தை வச்சிருக்கோம், உள்ள போனா பத்து விதம். அம்மா கிண்ணத்துல இருந்தது அகர் அகர், அது சிவப்பு பாசில இருந்து வர்றது, அதுல கேன்சருக்கான மருந்து குணம்னு ஒன்னும் கிடையாது, நோன்பு மாசத்துல நம்ம மாமிங்க வீட்ல தேங்காப்பால் ஊத்தி வெட்டி வைப்பாங்களே அதேதான். சபால செம்போர்னா பக்கம் கயிறுல கட்டி வளக்குறதும் சிவப்பு பாசி, அதுல கெராஜீனன் எடுக்குறாங்க, ஐஸ்கிரீம் கெட்டியா இருக்க போடுவாங்க. ஸ்பைருலினா பாசின்னு சொன்னாலும் அது உண்மையில ஒரு பாக்டீரியா வகை. ஃபுகோய்டான் இந்த எதுலயும் இல்ல, அது பழுப்பு பாசில மட்டும், ஜப்பான் ஆளுங்க சாப்பிடுற வகாமே, கொம்பு, அங்க ஒகினாவா தீவுல சாப்பிடுற மொசுகு இதுல எல்லாம் இருக்குற வழவழப்புதான் அது. 1913லயே கைலின்ங்கிற சுவீடன் விஞ்ஞானி பிரிச்சு எடுத்தது. ஃபுகோஸ்ங்கிற சர்க்கரை நீளமா சங்கிலியா கோத்து, அதுல சல்ஃபேட் ஒட்டியிருக்கும்.

கேன்சர் செல்ல சாக வைக்குதுன்னு ஏஜண்டு சொன்னது பொய்னு நான் சொல்ல மாட்டேன். நிஜமாவே அப்படி ஆய்வு நிறைய இருக்கு. எச்டி-29ன்னு ஒரு குடல் கேன்சர் செல் வகை, 1964ல ஒரு அம்மாவோட குடல் கட்டில இருந்து எடுத்து வளத்தது, இன்னைக்கு வரைக்கும் உலகம் முழுக்க லேப்ல அதுதான் ஓடுது. அந்த செல் மேல ஃபுகோய்டான ஊத்துனா செல்லுக்குள்ள இருக்குற தற்கொலை பொறி இயங்கி அது செத்துப் போகுது, வயித்து கேன்சர் செல், ஈரல் கேன்சர் செல்லுலயும் பாத்திருக்காங்க. பழுப்பு பாசிக்கு அந்த நிறத்த குடுக்குற ஃபுகோஸாந்தினும் அப்படித்தான்.

ஆனா கண்ணாடித் தட்டுல செல் மேல நேரா ஊத்துறது வேற, 61 வயசு அம்மா வாயில போட்டு முழுங்குறது வேற. நான் மருந்து அளக்குற ஆள், அதனால இத எடை போட்டே சொல்றேன். அம்மா சாப்பிடுற கேப்சிடபினோட மூலக்கூறு எடை 359. ஃபுகோய்டான் சங்கிலி பல ஆயிரத்துல இருந்து லட்சக்கணக்குல போகும். கேப்சிடபின் குடல் சுவர தாண்டி ரத்தத்துக்கு போகணும்னே வடிவமைச்சது, ஃபுகோய்டான்ல ரொம்ப கொஞ்சம்தான் தாண்டும், தட்டுல ஊத்துன அளவு அம்மாவோட உடம்புக்குள்ள எங்கயும் போய் சேராது. அதோட பாசி எந்த வகை, எந்த சீசன்ல அறுத்தது, எப்படி பிரிச்சாங்கங்கிறத பொறுத்து சரக்கே மாறிடும், ஒரு கம்பெனி ஃபுகோய்டானும் இன்னொரு கம்பெனி ஃபுகோய்டானும் ஒரே பொருள்னே சொல்ல முடியாது. பனடோல்னா எங்க வாங்குனாலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால், இது அந்த மாதிரி இல்ல.

ஜப்பான் ஆராய்ச்சின்னு சொன்னாரே, அதையும் பாப்போம். 2011ல வந்தது ஒன்னு இருக்கு, முத்திப்போன இல்ல திரும்பி வந்த குடல் கேன்சர் ஆளுங்க 20 பேர், பத்து பேருக்கு கீமோவோட ஃபுகோய்டான், பத்து பேருக்கு கீமோ மட்டும். ஃபுகோய்டான் சாப்பிடாதவங்கள்ல 60 சதவீதம் பேருக்கு உடம்பு அசதி, சாப்பிட்டவங்கள்ல 10 சதவீதம். நல்லாத்தான் இருக்கு, ஆனா 20 பேரு. அப்புறம் தைவான்ல 2017ல ஒன்னு, உடம்புல வேற இடத்துக்கு பரவின குடல் கேன்சர் 54 பேர், இது கொஞ்சம் ஒழுங்கா செஞ்சது, யாருக்கு உண்மை ஃபுகோய்டான் யாருக்கு டம்மின்னு டாக்டருக்கும் தெரியாது நோயாளிக்கும் தெரியாது. நோய் கூடாம கட்டுல இருந்தவங்க கணக்கு ஃபுகோய்டான் பக்கம் 92.8 சதவீதம், இன்னொரு பக்கம் 69.2. ஆனா எத்தன நாள் உயிரோட இருந்தாங்கன்னு பாத்தா நிச்சயமா சொல்ற அளவுக்கு வித்தியாசம் இல்ல.

இந்த ரெண்டு ஆய்வுலயும் நான் அத்தைக்கு காட்ட ஆசப்படுற வரி ஒன்னே ஒன்னுதான்: எல்லாருமே கீமோவும் போட்டுக்கிட்டாங்க. ஒருத்தர்கூட ஃபுகோய்டான மட்டும் நம்பி கீமோவ விடல. ஏஜண்டு காட்டுற அதே ஆராய்ச்சிதான் கீமோவ நிறுத்தாதன்னு சொல்லுது. கீமோ மூனு மாசம் போதுமா ஆறு மாசம் வேணுமான்னு தெரிஞ்சுக்க மட்டுமே பன்னெண்டாயிரம் பேர வச்சு பாத்தாங்கன்னு மேல சொன்னேனே, அந்த எடைய ஒரு தட்டுலயும் இந்த 20 பேர், 54 பேர இன்னொரு தட்டுலயும் வச்சு பாருங்க.

ஏஜண்டு சாட்சி சொல்ல ஆளுங்கள காட்டியிருப்பாரு, வாட்சாப்ல ஸ்கேன் ரிப்போர்ட் போட்டோ கூட வந்திருக்கும், ஆறு மாசம் சாப்பிட்டேன் ஸ்கேன் கிளியர்னு. தங்கச்சி, அம்மா மாதிரி ஸ்டேஜ் 3ல ஆபரேஷன் பண்ணி கட்டிய எடுத்துட்டா, அதுக்கப்புறம் ஸ்கேன் பொதுவா கிளியராத்தான் இருக்கும், பாட்டில தொறக்குறதுக்கு முன்னாடியே கிளியர்தான். கீமோ குடுக்குறது ஸ்கேனுக்கு தெரியாம நிணநீர் வழியா நழுவிப் போயிருக்கக்கூடிய செல்லுக்காக. அது திரும்பி வந்தா ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ கழிச்சுதான் தெரியும், அப்ப அனேகமா ஸ்டேஜ் 4 மாதிரிதான், கதையே வேற. எனக்கு ஒரு அங்கிள் ஞாபகம் இருக்கு, நாலு வருஷம் முன்னாடி, இதே மருந்து, இதே ஸ்டேஜ், ரெண்டாவது சைக்கிளுக்கு நான் கலக்கி வச்ச பைய எடுக்க ஆளே வரல. போன் பண்ணா, இயற்கை மருந்துக்கு மாறிட்டேன்மா, இப்ப கை மரக்கல, நல்லா இருக்கேன்னாரு. உண்மைதான், மரக்கல. பதினாலு மாசம் கழிச்சு கண்ணு மஞ்சளா வந்தாரு, ஈரல்ல பரவியிருந்துச்சு. கீமோ முழுசா போட்டிருந்தா அவருக்கு திரும்பி வந்திருக்காதுன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. ஆனா அவர் பேரு எழுதுன அந்த பைய டிஸ்போசல் பெட்டில போட்டது என் கைதான், அது இன்னும் மறக்கல.

இப்ப அம்மாவோட விஷயத்துல தனியா ஒரு கவலை இருக்கு, அது ஸ்டென்ட். குளோபிடோகிரெல் ரத்தத்த உறைய விடாம பாத்துக்குறது, அத நிறுத்தக் கூடாது. ஆக்ஸாலிப்ளாட்டின் ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட் அணுக்கள குறைக்கும். ஃபுகோய்டான் அமைப்புலயே ஹெப்பாரின்ங்கிற ரத்தம் உறையாம தடுக்குற மருந்து மாதிரி, லேப்ல ரத்தம் உறையறத தடுக்குற தன்மை அதுக்கு இருக்கு. வாய்வழியா சாப்பிட்டா அந்த விளைவு குறைவாத்தான் இருக்கும், ஆனாலும் மூனும் ஒரே உடம்புல ஒரே நேரத்துல சேர்றத நான் விரும்ப மாட்டேன். குடல்ல தையல் போட்டு ஆறிட்டு இருக்குற நேரம் வேற. பல்லு தேய்க்கும்போது ரத்தம், காரணமில்லாம தோல்ல நீல நீலமா தடம், கருப்பா மலம் போறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஹாஸ்பிட்டல். அம்மாவுக்கு தைராய்டு இருக்கான்னு நீங்க எழுதல, இருந்தா பழுப்பு பாசில அயோடின் ரொம்ப ஜாஸ்தி, ஒரு நாளைக்கு பெரியவங்களுக்கு 150 மைக்ரோகிராம் போதும், காய்ஞ்ச கொம்பு பாசி ஒரே ஒரு கிராம்ல அது பல மடங்கு இருக்கும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க யாராவது இத படிச்சா குளோரெல்லாங்கிற பச்சை பாசி மாத்திரைய தொடாதீங்க, அதுல வைட்டமின் கே நிறைய.

பாட்டில திருப்பி அரசாங்க பதிவு நம்பர் இருக்கான்னு பாருங்க, எம்ஏஎல் (MAL)னு ஆரம்பிச்சு எட்டு நம்பர், கடைசில ஒரு எழுத்து இருக்கும். டி (T) இருந்தா பாரம்பரிய மருந்து, என் (N) இருந்தா சத்து மாத்திரை. நம்பரே இல்லன்னா குப்பையில போடுங்க. நம்பர் இருந்தாலும் அதுக்கு அர்த்தம் அரசாங்கம் தரத்தையும் பாதுகாப்பையும் பாத்து பதிஞ்சிருக்குங்குறதுதான், கேன்சர குணமாக்கும்னு யாரும் சர்டிபிகேட் குடுக்கல. கேன்சருக்கு மருந்துன்னு விளம்பரம் பண்றத நம்ம நாட்டு 1956 சட்டம் தடுத்திருக்கு, அதனாலதான் பாட்டில் மேல அப்படி ஒரு வார்த்தையும் இருக்காது, வாயால மட்டும் சொல்லுவாங்க. ஏஜண்டுகிட்ட எழுதித் தாங்கன்னு கேட்டு பாருங்க.

பாசில மருந்தே கிடையாதான்னு கேட்டா, இருக்கு, அத சொல்லாம விட்டா நான் ஒரு பக்கமா பேசினதா ஆகிடும். மொரிஷியஸ் கடல்ல கடல் முயல்னு ஒரு நத்தை வகை, அதுல இருந்து டோலாஸ்டாட்டின் 10ன்னு ஒன்ன பிரிச்சு 1987ல ஜார்ஜ் பெட்டிட்டோட குழு வெளியிட்டாங்க. கேன்சர் செல்ல கொல்றதுல பயங்கர வீரியம். அப்புறம் 2001ல பலாவ் கடல்ல எடுத்த சிம்ப்ளோகாங்கிற நீலப்பச்சை பாசிலயே அந்த பொருள் இருக்குறத கண்டுபிடிச்சாங்க, நத்தை அந்த மாதிரி பாசிய தின்னுதான் விஷத்த சேத்து வச்சிருக்கு. அத அப்படியே ஊசியா மனுஷனுக்கு போட்டு பாத்தாங்க, குடல் கேன்சருக்கும் பாத்தாங்க, பலன் இல்ல. அப்புறம் அதே மாதிரி ஒரு பொருள லேப்ல செஞ்சு, கேன்சர் செல்ல மட்டும் தேடிப் போய் ஒட்டுற ஆன்டிபாடில கட்டி அனுப்புனாங்க, 2011ல அமெரிக்காவுல லிம்ஃபோமாங்கிற நிணநீர் கேன்சருக்கு மருந்தா வந்துச்சு, 2021ல சீனாவுல டிசிடமாப் வெடோட்டின்னு ஹெர்2ங்கிற புரதம் அதிகமா இருக்குற முத்தின வயித்து கேன்சருக்கு அனுமதி கெடச்சிச்சு. 1987ல இருந்து 2021, முப்பத்தி நாலு வருஷம். அதையும் நாங்க கிளவுஸ் ரெண்டு போட்டு, மாஸ்க் போட்டு, கண்ணாடி கேபினெட்டுக்குள்ள கைய விட்டு கலக்குற ரகம் மருந்துதான். பாசில இருந்து வந்ததுன்னு சொல்லி சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு முழுங்குற சமாச்சாரம் இல்ல.

ஃபுகோய்டானும் ஒரு நாள் அந்த மாதிரி வரலாம், கீமோ அசதிய குறைக்கவாவது உதவுமான்னு பெரிய ஆய்வு செஞ்சா நானும் சந்தோஷமா படிப்பேன். அம்மாவுக்கு இப்ப இருக்குற நேரம் அதுக்காக காத்திருக்குற நேரம் இல்ல.

அத்தைகிட்ட எப்படி பேசறதுன்னு நீங்க கேக்கல, ஆனா வீட்ல அதுதான் கஷ்டம்னு எனக்கு தெரியும். பாட்டில திருப்பி குடுத்து அவங்கள சங்கடப்படுத்த வேணாம். அத்தை, டாக்டர் ஓகே சொன்னா கீமோ முடிஞ்சப்புறம் பாக்கலாம்னு சொல்லுங்க, முடிஞ்சா அடுத்த அப்பாயின்மெண்டுக்கு அவங்களையே பாட்டிலோட கூட்டிட்டு போங்க, பாலம் தாண்டி வர்றப்ப அம்மாவுக்கும் பேச்சுத் துணை. நாங்க யாரும் திட்ட மாட்டோம். என்ன சாப்பிடுறாங்கன்னு மறைக்கிறதுதான் எங்களுக்கு ஆபத்து. மாசம் 680 வெள்ளிய அம்மாவோட சாப்பாட்டுக்கு திருப்புங்க, முட்ட, மீனு, கம்போங் கோழி சூப்பு. கேப்சிடபின சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள்ள முழுங்கணும், வெறும் வயித்துல கூடாது, பதினாலு நாள் சாப்பிட்டு ஏழு நாள் லீவு, அந்த ஏழு நாள்ல மறந்தும் சாப்பிட வேணாம். காய்ச்சல் 38 தாண்டுனா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் எமர்ஜென்சிக்கு போங்க.

உங்களுக்கும் ஒரு வார்த்த. அம்மாவுக்கு வந்திருக்குறதால உங்களுக்கும் கூடப்பிறந்தவங்களுக்கும் 40 வயசுலயே செக் பண்ண வேண்டியிருக்கும், எந்த டெஸ்ட்டுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. அத்தைக்கு 50 தாண்டியிருந்தா கிளினிக் கெசிஹாத்தான்ல, அதாவது அரசாங்க சுகாதார கிளினிக்ல, மலம் டெஸ்ட் இலவசமா பண்றாங்க, 75 வயசு வரைக்கும். நம்ம நாட்ல ஆம்பளைங்களுக்கு அதிகமா வர்ற கேன்சரே குடல் கேன்சர்தான், மாமாவையும் கூட்டிட்டு போகச் சொல்லுங்க.

அம்மாவுக்கு கடல்பாசி அவ்ளோ பிடிக்கும்னா செஞ்சு குடுங்க, அது ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறைஞ்சிரும், அதுதான் அகர் அகரோட வசதி. காலைல காய்ச்சி மூடி மேசை மேல வைங்க, தேங்காப்பால் ஊத்தாம வெறும் சீனி, பாண்டான் எல போட்டது, அப்பதான் அந்த வெயில்ல கெட்டுப் போகாது, மதியத்துக்குள்ள குடுத்துருங்க. கைல வாங்கும்போது ஷாக் அடிக்காது.